எல்எஸ்டி மாட்டலாமா, வேண்டாமா? நெல்லை ரோட்டில் வேக கார் ஓட்டுபவர்கள் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ இந்தியாவுக்கு வந்தது. அக்டோபரில் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வந்தது. இரண்டிலும் 265 பிஎஸ் பவர். இரண்டிலும் முன்சக்கரங்களுக்கு நடுவே எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் இயங்கும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல், அதாவது எல்எஸ்டி, கம்பெனியிலேயே பொருத்தி வருகிறது. இரண்டின் விலையும் 50 லட்சத்தை ஒட்டி. அதிலும் ஆர்எஸ் இந்தியாவுக்கு மொத்தமே 100 கார்கள்தான்.

வாங்க முடியாதவர்களுக்கு அடுத்து வரும் கேள்வி இயல்பானது: "அந்த டிஃப்ரன்ஷியலை மட்டும் தனியா வாங்கி நம்ம காரில் மாட்டினா என்ன?" பழைய போலோவுக்கு ரீமேப் போட்டவர், செகண்ட் ஹேண்ட் ஆக்டேவியா வைத்திருப்பவர், பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் எடுத்தவர் என இந்தக் கேள்வியோடு சுற்றும் இளைஞர்கள் நிறைய. வாரம் முழுக்க பெங்களூரிலோ சென்னையிலோ வேலை, லீவுக்கு என்எச் 44-ல் ஊருக்கு ஓட்டம், ஊருக்கு வந்தால் பாபநாசம், குற்றாலம் பக்கம் ஒரு டிரைவ் என்று வாழ்பவர்களுக்கு இது ஒன்றிரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கும் முடிவு. தப்பாகப் போனால் பணத்தோடு நிற்காது. மழை ரோட்டில் வண்டியின் குணமே மாறும், ஆர்சி, இன்ஷூரன்ஸ் வரை சிக்கல் நீளும்.

டிராக்டர்காரருக்குத் தெரிந்த விஷயம்தான்

டிஃப்ரன்ஷியல் எதற்கு? வண்ணார்பேட்டை ரவுண்டானாவை ஒரு முழுச் சுற்று சுற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இடைவெளி இருந்தால், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 9.4 மீட்டர் கூடுதலாக ஓடியாக வேண்டும். இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகியிருந்தால் ஒரு டயர் ரோட்டில் தேய்ந்துகொண்டே வரும். இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற வழி செய்வதுதான் டிஃப்ரன்ஷியலின் வேலை.

ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. சாதாரண டிஃப்ரன்ஷியல், அதாவது ஓப்பன் டிஃப், இரண்டு சக்கரத்துக்கும் ஏறத்தாழ ஒரே அளவு டார்க்கைத்தான் தரும். ஒரு சக்கரம் வழுக்கி 40 நியூட்டன் மீட்டர் மட்டுமே தாங்குகிறது என்றால், நல்ல பிடியோடு இருக்கும் அடுத்த சக்கரத்துக்கும் அதே 40-தான் கிடைக்கும். என்ஜினில் 250 இருந்தாலும் புண்ணியமில்லை. ஒரு டயர் புகை கக்கும், வண்டி நகராது.

தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவமும் வயலில் இறங்கும் டிராக்டர் டிரைவர்களுக்கு இது பழைய கதை. தொளியில் ஒரு சக்கரம் சும்மா சுழன்றால் அவர் காலடியில் இருக்கும் டிஃப் லாக்கை மிதிப்பார். இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி மேலேறிவிடும். அதே டிரைவர் தார் ரோட்டுக்கு வந்து திரும்பும்போது அதை மிதிக்க மாட்டார். மிதித்தால் வண்டி திரும்ப அடம் பிடிக்கும், ஆக்ஸில் திணறும் என்று அவருக்குத் தெரியும்.

ஓப்பன் டிஃப் ஒரு எல்லை, டிராக்டரின் டிஃப் லாக் மறு எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எல்எஸ்டி. எவ்வளவு பூட்ட வேண்டும், எப்போது பூட்ட வேண்டும் என்பதில்தான் வகைகள் பிரிகின்றன.

சந்தையில் என்னென்ன இருக்கு?

ஹெலிகல் வகை. டோர்சன், குவைஃப், வேவ்டிராக் எல்லாம் இந்தக் குடும்பம். உள்ளே சாய்வான பற்கள் கொண்ட கியர்கள் மட்டும்தான். தேய்ந்துபோகும் கிளட்ச் பிளேட் கிடையாது. ஒரு சக்கரம் வழுக்கத் தொடங்கும்போதே கியர்கள் ஒன்றையொன்று அழுத்தி, பிடி உள்ள சக்கரத்துக்குக் கூடுதல் டார்க்கைத் தள்ளும். எத்தனை மடங்கு என்பதை டார்க் பயாஸ் ரேஷியோ என்பார்கள். அது 2.5 என்றால், முன் சொன்ன கணக்கில் வழுக்கும் சக்கரத்துக்கு 40, அடுத்ததற்கு 100. மொத்தம் 80-க்குப் பதில் 140. சத்தம் இல்லை, தனி பராமரிப்பு இல்லை, ஏபிஎஸ்ஸோடு சண்டை போடாது. 2002-ல் வந்த முதல் ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ் கம்பெனியிலிருந்தே குவைஃப் டிஃப்போடு வந்தது.

குறை ஒன்று: ஒரு சக்கரம் காற்றில் தூக்கிக்கொண்டால் அதன் பிடி பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தை 2.5-ஆல் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தான். அப்போது இது கிட்டத்தட்ட ஓப்பன் டிஃப் மாதிரி ஆகிவிடும். வேவ்டிராக் இந்தக் குறையைச் சமாளிக்கத் தனியாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது.

கிளட்ச் பிளேட் வகை. ராலி, டிராக், டிரிஃப்ட் ஆட்களின் தேர்வு. அடுக்கடுக்கான பிளேட்கள் இறுகி இரண்டு சக்கரத்தையும் பிணைக்கும். 1-வே என்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பூட்டும். 2-வே என்றால் காலை எடுக்கும்போதும் பூட்டும். 1.5-வே நடுவில். எவ்வளவு கடுமையாக வேலை செய்ய வேண்டும் என்று செட் பண்ணிக்கொள்ளலாம், அதுதான் இதன் பலம். ஆனால் பிளேட் தேயும், அதற்கென்று உள்ள ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், பார்க்கிங்கில் வளைக்கும்போது கடகடவென்று சத்தம் போடும். டவுன் ரத வீதியில் தினமும் ஓட்டுகிற காருக்கு இது தேவையில்லாத தலைவலி.

லாக்கர் வகை. மஹிந்திரா தார், பொலிரோ நியோவின் சில வேரியன்ட்களில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃப் இதுதான். குறைந்த வேகத்தில் ஒரு சக்கரம் சும்மா சுழன்றால் தானாகப் பூட்டிக்கொள்ளும். திசையன்விளை பக்கத்துத் தேரி மணலில் சிக்கினால் இதன் அருமை தெரியும். தார் ரோட்டில் வேகமாக வளைவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "தார்ல இருக்கே, என் காருக்கும் அதே வேணும்" என்று கேட்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

பிரேக் வழியாகச் சமாளிப்பது. ஸ்கோடா ஸ்லாவியாவில் வரும் எக்ஸ்டிஎஸ், மாருதி ஜிம்னியில் வரும் பிரேக் எல்எஸ்டி போன்றவை. பெயரில் டிஃப்ரன்ஷியல் என்று வந்தாலும் உள்ளே இருப்பது ஓப்பன் டிஃப்தான். வழுக்கும் சக்கரத்தை கம்ப்யூட்டர் பிரேக் பிடித்து நிறுத்துவதால் அடுத்ததற்கு டார்க் போகிறது. சாதாரண ஓட்டத்துக்கு இது நன்றாகவே போதும். டிராக்கில் சுற்றுக்குச் சுற்று விரட்டினால் பிரேக் சூடாகும், பேட் சீக்கிரம் தேயும்.

எலக்ட்ரானிக் எல்எஸ்டி. கோல்ஃப் ஜிடிஐ, ஆக்டேவியா ஆர்எஸ் போலவே, செங்கல்பட்டு மாவட்ட பிஎம்டபிள்யூ ஆலையில் அசெம்பிள் ஆகும் எம்340ஐ காரிலும் இது உண்டு, பின்சக்கரங்களுக்கு. சென்சார், சாஃப்ட்வேர், ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அமைப்பு. இதை வெளியே வாங்கி வேறு காரில் மாட்டலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். நீங்கள் கடையில் வாங்கப்போவது மேலே சொன்ன ஹெலிகல் அல்லது கிளட்ச் வகைதான். அது ஜிடிஐயின் டிஃப் இல்லை.

எல்எஸ்டி எதைச் செய்யாது?

இது பிடிமானத்தை உருவாக்காது. நான்கு டயரும் ரோட்டைத் தொடும் இடத்தில் என்ன பிடி இருக்கிறதோ, அதை முழுசாகப் பயன்படுத்த வழி செய்யும், அவ்வளவுதான்.

இதிலிருந்து சங்கடமான ஒரு விளைவும் வருகிறது. பின்சக்கர டிரைவ் காரில் ஓப்பன் டிஃப் இருக்கும்போது, மழையில் அதிகமாக மிதித்தால் பெரும்பாலும் உள்பக்கச் சக்கரம் மட்டும் சுழலும். வெளிப்பக்கச் சக்கரம் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருக்கும். வேகம் ஏறாது, வண்டியும் விலகாது. எல்எஸ்டி இருந்தால் அந்த எல்லை தள்ளிப்போகும். ஆனால் அதையும் தாண்டினால் இரண்டு பின்சக்கரமும் சேர்ந்தே பிடி விடும். வால் பக்கம் சட்டென்று வெளியே போகும். முன்சக்கர டிரைவ் காரில் இரண்டு முன்சக்கரமும் சேர்ந்து சுழன்று, ஸ்டீயரிங் சொல்பேச்சு கேட்காமல் நேராக ஓடும். ஆகவே, "எல்எஸ்டி போட்டா மழைல சேஃப்" என்ற பேச்சு பாதி உண்மைகூட இல்லை. அது சரியான காலுக்குப் பரிசு தரும், தவறான காலுக்கு அவகாசம் தராது.

நம்ம ஊர் ரோட்டில் எங்கே பயன்படும்?

*என்எச் 44.* நான்கு வழி, பெரும்பாலும் நேர்க்கோடு. டாப் கியரில் ஓடும்போது எந்தச் சக்கரமும் வழுக்குவதில்லை. எல்எஸ்டி இருப்பதே தெரியாது.

*நெல்லை, அம்பாசமுத்திரம், பாபநாசம்.* அறுவடை நேரத்தில் ரோட்டின் ஓரத்தில் நெல்லும் வைக்கோலும் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கச் சக்கரம் வைக்கோல்மீது, மறுபக்கம் தார்மீது. ஓப்பன் டிஃப் திணறும் சூழ்நிலை இதுதான். ஆனால் இங்கே எல்எஸ்டி வைத்துக்கொண்டு அழுத்தி மிதித்தால், டார்க் ஒரே பக்கச் சக்கரத்துக்குப் போய் முன்சக்கர டிரைவ் காரின் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் இழுக்கும். எதிரே டவுன் பஸ் வரும் ரோட்டில் அந்த இழுப்பு யாருக்கும் வேண்டாம். இங்கே உதவுவது நிதானமான கால்தான்.

*மணிமுத்தாறு, மாஞ்சோலை.* களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் போகும் பாதை. வனத்துறை செக்போஸ்ட் தாண்டித்தான் போக முடியும். குறுகிய ரோடு, யானை நடமாட்டம். இங்கே வேகத்துக்கே இடமில்லை.

*புளியரை எஸ் வளைவு வழியாகச் செங்கோட்டை, ஆரியங்காவு.* ஏற்றமும் இறுக்கமான வளைவும் சேர்ந்த இடம். வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் பாரம் குறையும், இரண்டாவது கியரில் மிதித்தால் அது சுழலும். எல்எஸ்டி வித்தியாசம் காட்டுவது இந்த மாதிரி இடத்தில்தான். ஆனால் கேரளாவுக்குப் போகும் லாரிகள் வரிசை கட்டும் பாதையும் இதுதான். அந்த வித்தியாசத்தை உணரும் அளவுக்கு இங்கே ஓட்டினால், பிரச்சினை டிஃப்ரன்ஷியலில் இல்லை.

ஆக, இந்தப் பள்ளத்தாக்கின் பொது ரோட்டுக்கு மட்டும் என்றால், 150 பிஎஸ் வரையிலான முன்சக்கர டிரைவ் காருக்கு எல்எஸ்டி தேவையில்லை. 200 பிஎஸ்ஸைத் தாண்டி, இரண்டாவது, மூன்றாவது கியரிலும் ஒற்றைச் சக்கரம் சுழல்கிறது, வருஷத்தில் சில தடவையாவது டிராக்குக்குப் போகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். கோவையில் காரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் சர்வதேச ரேஸ் டிராக் இருக்கிறது. அங்கே ஒரு சுற்றிலேயே எல்எஸ்டியின் மதிப்பு புரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்சியில் உள்ள விவரங்கள் வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளாவில் தொடங்கிய ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகவே விளக்கியது. மாற்றத்தை அனுமதித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் மாற்றி அமைக்கப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

"ஆர்சியில் டிஃப்ரன்ஷியலுக்கு ஒரு காலமே இல்லையே, பிறகு என்ன?" என்று ஒரு வாதம் ஓடுகிறது. என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், நிறம் போல டிஃப் அதில் பதிவாவதில்லை என்பது சரிதான். வெளியே தெரியாது, எக்ஸாஸ்ட் மாதிரி சத்தமும் போடாது; செக்கிங்கில் யாரும் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. ஆனால் 'மாட்டிக்கொள்ள வாய்ப்பு குறைவு' என்பதும் 'சட்டப்படி அனுமதி உண்டு' என்பதும் ஒன்றல்ல. பெரிய விபத்து நடந்து வண்டியைப் பிரித்துப் பார்க்கும் நாளில்தான் அந்த வித்தியாசம் வெளியே வரும். வேலையைத் தொடங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைப்பதே பாதுகாப்பு.

இன்ஷூரன்ஸிலும் இதே கதை. வாகனத்தில் செய்த மாற்றத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் விட்டால், சொந்த வண்டிச் சேதத்துக்கான க்ளெய்மில் கேள்வி எழும். மெயில் ஒன்று அனுப்பிப் பதிலைச் சேமித்து வையுங்கள். கார் வாரண்டியில் இருந்தால் கியர்பாக்ஸ் வாரண்டியைக் கிட்டத்தட்ட மறந்துவிட வேண்டியதுதான்.

செலவு எங்கே ஒளிந்திருக்கு?

பொருளின் விலை மட்டும் கணக்கில்லை. பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. ஷிப்பிங், இறக்குமதி வரி, ஜிஎஸ்டி எல்லாம் மேலே ஏறும். முன்சக்கர டிரைவ் காரில் டிஃப் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்கி, இரண்டாகப் பிரித்தாக வேண்டும். பேரிங் புதுசு போட்டு, ஷிம் வைத்து இறுக்கம் சரிபார்க்க வேண்டும். சில ஃபோக்ஸ்வாகன் மேனுவல் கியர்பாக்ஸ்களில் கிரவுன் வீல் ரிவெட் அடித்திருக்கும். அதைத் துளைத்து எடுத்து போல்ட் போட வேண்டும். எல்லாம் கூட்டினால் லட்சத்தைத் தாண்டுவது சகஜம்.

பின்சக்கர டிரைவ் கார் என்றால் வேலை வேறு மாதிரி. கிரவுன், பினியன் பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மில்லிமீட்டரின் சிறு பங்கில் செட் பண்ண வேண்டும். தப்பினால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஊளைச் சத்தம் வரும், பிறகு பல் போகும். லாரி கிரவுன் பினியன் வேலையில் கை பழகிய மெக்கானிக்குகள் நம்ம பக்கம் இருக்கிறார்கள். டயல் கேஜ் வைத்து அளந்து காட்டுகிறாரா, பல்லில் பெயின்ட் தடவிப் பதிவு பார்க்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாத ஒர்க்ஷாப் என்றால் வண்டியைத் திருப்பி ஓட்டி வந்துவிடலாம்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கி அதில் மாட்டத் திட்டமிடுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. டிஃப், கியர்பாக்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தால் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறியிருக்கும். வாங்கும் முன் டிரெயின் போல்ட்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. டயர் எப்படி இருக்கு? சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. ஆழம் வேண்டும், மழைக்கு அது போதாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரானது. பழசாகிக் கல்லாகிப்போன டயரோடு எல்எஸ்டி வாங்குவது ஓட்டைக் குடத்துக்குப் பூண் போடுவது மாதிரி.

2. வழுக்குவது ஒரு சக்கரமா, இரண்டுமா? இரண்டும் சேர்ந்து வழுக்கினால் எல்எஸ்டி ஒன்றும் செய்யாது. டயர், அலைன்மென்ட், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றைப் பாருங்கள்.

3. உங்கள் கியர்பாக்ஸ் கோடு என்ன? கார் மாடலுக்கு டிஃப் கிடையாது, கியர்பாக்ஸுக்குத்தான். ஒரே பெயர் கொண்ட காரிலேயே மேனுவலுக்கு ஒன்று, ஆட்டோமேட்டிக்குக்கு ஒன்று. கோடைச் சொல்லாமல் ஆர்டர் எடுக்கும் விற்பனையாளரை நம்ப வேண்டாம்.

4. யார் ஓட்டுவார்கள்? லீவில் வரும்போது அப்பாவோ தங்கையோ இதே காரை எடுப்பார்கள் என்றால், அதிகக் குணமாற்றம் இல்லாத ஹெலிகல் வகை மட்டுமே பொருத்தம். 2-வே கிளட்ச் டிஃப் வீட்டுக் காருக்கு வேண்டாம்.

5. ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் பதில் எழுத்தில் கையில் இருக்கா? இல்லையென்றால் ஆர்டரைத் தள்ளிப்போடுங்கள்.

ஐந்துக்கும் திருப்தியான பதில் இருந்தால், ரோட்டிலும் ஓட்டி, எப்போதாவது டிராக்குக்கும் போகும் காருக்கு ஹெலிகல் வகையே சரியான தேர்வு. ஒன்றிரண்டுக்கு மட்டும் பதில் இருந்தால், அதே பணத்தின் ஒரு பகுதியில் நான்கு நல்ல டயர், புது பிரேக் பேட், ஓர் அலைன்மென்ட், காரி ஸ்பீட்வேயில் ஒரு டிராக் டே என்று செலவழித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வளைவில் உள்பக்கச் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தால், எல்எஸ்டி வாங்க அப்போது உங்களிடம் உண்மையான காரணம் இருக்கும்.